குழந்தை கையில் வைத்த காசு

1997ஆம் ஆண்டு பெரிய வெள்ளி மார்ச் 28ஆம் திகதி வந்தது. அன்று எங்கள் வீட்டில் மரக்கறிச் சாப்பாடு. மறுநாள் கடற்கரையில் மீன் வாங்கிப் பொரித்துச் சாப்பிடுவதென்று சிட்னியில் எங்கள் வீடிருந்த குவேக்கர்ஸ் ஹில்லில் இருந்து புறப்படும்போதே தீர்மானமாகியிருந்தது. நாங்கள் போனது சிட்னிக்குத் தெற்கே காரில் அரை நாள் ஓடினால் வரும் ஒரு கடற்கரைச் சிற்றூருக்கு. கரவன் பார்க்கில் இரண்டு கபின் எடுத்திருந்தோம். நான், மனைவி, மனைவியின் தங்கை, முல்லைத்தீவைச் சேர்ந்த என் நண்பர், அவருடைய மனைவி ஆகிய ஐந்து பேரும் போயிருந்தோம்.

மனைவியின் தங்கை, அதாவது என் மச்சாள், 1995இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். அவருடைய அகதி விண்ணப்பத்துக்கு அப்போது முடிவு வந்திருக்கவில்லை. சீருடை அணிந்த யாரைக் கண்டாலும், அது ரயில் டிக்கெட் பார்க்கிறவராக இருந்தாலும், கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொள்வார். பின்னால் நடந்ததை விளங்கிக்கொள்ள இது தெரிந்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை மணலில் பாயை விரித்து இடியப்பப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தோம். நண்பர் திடீரென்று எழுந்து நின்றார். கரையோரத்துப் பாறை மேட்டில் ஒருவன் சட்டையைக் கழற்றித் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தான். மீன் கூட்டம் வருகிறது என்பதற்கான சைகை அது. அதைக் கண்டதும் கரையில் நின்ற சிறிய படகு தண்ணீரில் இறங்கியது. அதன் பின்புறத்திலிருந்து வலை அரைவட்டமாக விழுந்துகொண்டு போனது.

"உது கரைவலை!" என்றார் நண்பர். "ஐயோ, உது எங்கட கரைவலையெல்லோ!"

"பேசாம இருந்து சாப்பிடுங்கோ. பதினைஞ்சு வருசமா கணக்கு எழுதுற மனிசன், வலை இழுக்கப் போறாராம்," என்றார் அவர் மனைவி.

அவர் அதற்குள் காற்சட்டையை முழங்காலுக்கு மேலே மடித்துவிட்டார். கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் அந்தக் கரையைச் சேர்ந்த பூர்வகுடிக் குடும்பம் ஒன்று. ஆண்கள், பெண்கள், சிறுவர்கள் எல்லாரும் கலந்து நின்றார்கள். நண்பர் போய்க் கயிற்றைப் பிடித்ததும் ஒருவர் சற்று விலகி இடம்விட்டார். யார் நீ என்று எவரும் கேட்கவில்லை. பிறகு நானும் போனேன். பிறகு பெண்களும் வந்தார்கள்.

நண்பருக்குத் தலைகால் புரியவில்லை. "இடப்பக்கம் மெதுவா! மெதுவா! மடி புரளப்போகுது!" என்று தமிழில் கத்திவிட்டு அதையே ஆங்கிலத்திலும் கத்தினார்.

கயிற்றின் தலைப்பில் வெண்தாடியுடன் பருத்த உடம்புக்காரர் ஒருவர் நின்றார். வலை அவருடையது. "யாரப்பா இவன்? என் கரைக்குப் புது முதலாளி வந்திருக்கிறானா?" என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் திரும்பி மற்றப் பக்கம் நின்றவர்களைப் பார்த்து, "ஆனால் அவன் சொல்வது சரி. மெதுவாக இழுங்கள்," என்றார். அவரும் அவரைச் சேர்ந்தவர்களும் பேசியதையெல்லாம் நான் நினைவிலிருந்து தமிழில் எழுதுகிறேன்.

அவரை அங்கிருந்த சிறியவர்கள், பெரியவர்கள் எல்லாரும் அங்கிள் என்றே அழைத்தார்கள். வயதில் மூத்தவரை அங்கிள் என்பதும் அன்ரி என்பதும் அவர்களுக்கும் வழக்கம். எங்களுக்கும் அதுவே பழக்கமானதால் அன்றைக்கே அவர் எங்களுக்கும் அங்கிள் ஆகிவிட்டார்.

மடி எனப்படும் வலையின் பைக்குள் வந்தவை மடவை மீன்கள். அங்கிள் மணலிலேயே பங்கு பிரித்தார். மேட்டிலுள்ள வீடுகளுக்கு, வரமுடியாத வயதானவர்களுக்கு, நோயாளி ஒருவருக்கு என்று தனித்தனியாகக் குவித்த பிறகு கயிற்றில் கை வைத்தவர்களுக்குக் கொடுத்தார். எங்கள் வாளியிலும் மீன் விழுந்தது.

நான் சட்டைப்பையைத் தொட்டதைக் கண்டு நண்பர் காதுக்குள் சொன்னார். "காசு கீசு எண்டு வாயத் திறந்துபோடாதேங்கோ. எங்கட பக்கத்திலயும் உதுதான் முறை. கயிறு இழுத்தவனுக்குப் பங்கு. பங்குக்குக் காசு நீட்டினா அவமரியாதை." நான் கையை எடுத்துவிட்டேன்.

அங்கிளுடைய மகள் சற்றுத் தள்ளிக் குடை நிழலில் கைக்குழந்தையோடு இருந்தாள். பெண் குழந்தை. பிறந்து ஒன்றரை மாதம் இருக்கும். மச்சாள் போய்ப் பார்த்தார், முகவாயைத் தொட்டார், பிறகு கைப்பையைத் திறந்து ஒரு இருபது டொலர் நோட்டை மடித்துக் குழந்தையின் கைக்குள் வைத்தார். பிறந்த பிள்ளையை முதன்முதலாகப் பார்க்கும்போது கையில் ஏதாவது வைப்பது எங்கள் வழக்கம். குழந்தை நோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. தாய் திகைத்து வேண்டாம் என்றாள். மச்சாள் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "உனக்கில்லை, பேபிக்கு," என்றார். பிறகு இருவரும் சிரித்தார்கள்.

மேலே வாகனம் நிறுத்தும் இடத்தில் ஒருவர் தொலைநோக்கியோடு காருக்குள் இருந்தது எங்களுக்குத் தெரியாது. மீன்பிடி அதிகாரி. அவரும் இன்னொருவரும் இறங்கி வந்து நேராக மச்சாளிடம் போனார்கள்.

"நீங்கள் காசு கொடுத்தீர்களா?"

"யெஸ்," என்றார் மச்சாள். கைப்பை நெஞ்சுக்கு வந்துவிட்டது.

"மீன் கிடைத்த பிறகா?"

"யெஸ்."

இரண்டும் உண்மை. நான் நடுவில் புகுந்து விளக்க முயன்றேன். உங்களிடம் பிறகு கேட்கிறேன் என்றார் அதிகாரி. அனுமதிப்பத்திரம் இல்லாமல் வலை போட்டது ஒரு குற்றம், பிடித்த மீனை விற்றது இன்னொரு குற்றம் என்று அங்கிளிடம் சொன்னார்கள். மீனை எடுத்தார்கள். எங்கள் வாளியும் போனது. வலையையும் படகையும் வாகனத்தில் ஏற்றினார்கள். கடைசியாக, குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாக விரித்து அந்த நோட்டை எடுத்துப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு ஒட்டினார்கள். வேலையைச் செய்தவர் இளைஞர். குழந்தை அழத் தொடங்கியது.

படகை ஏற்றிய வாகனம் போவதை அங்கிள் பார்த்துக்கொண்டு நின்றார்.

கபினுக்குத் திரும்பிய பிறகு மச்சாள் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். "நான் என்ன பிழை செய்தனான், அத்தான்?"

அங்கிளின் சட்டத்தரணி மே மாதம் எங்களைத் தேடிப் பிடித்தார். பூர்வகுடி மக்களுக்கு இலவசமாக வழக்காடும் ஒரு அமைப்பில் வேலை செய்யும் இளம் வெள்ளைக்காரப் பெண். சிட்னியின் மேற்கிலுள்ள பரமட்டாவில் நீதிமன்றத்துக்குப் பக்கத்துக் கோப்பிக் கடையில் சந்தித்தோம். அவர் விளக்கியதைச் சுருக்கமாகத் தருகிறேன்.

இந்த நாடு யாருக்கும் சொந்தமில்லாத வெற்று நிலமாக இருந்தது என்ற பழைய கொள்கையை உயர் நீதிமன்றம் 1992 ஜூன் 3ஆம் திகதி தள்ளிவிட்டது. அதன் தொடர்ச்சியாக வந்த சட்டம் 1994 ஜனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. பூர்வகுடி மக்கள் தங்கள் பாரம்பரிய உரிமைப்படி, தங்கள் வீட்டுக்காகவும் சமூகத்துக்காகவும் மீன் பிடித்தால் அனுமதிப்பத்திரம் வேண்டியதில்லை என்று அதில் ஒரு பிரிவு இருக்கிறது. ஆனால் வணிகமாக இருக்கக்கூடாது. ஒரு மீன் விற்றதாக நிரூபணமானாலும் அந்தப் பிரிவு கைகொடுக்காது.

"அப்படியானால் எல்லாம் அந்த இருபது டொலரில் நிற்கிறது," என்றேன்.

"எல்லாம் இல்லை. வலை போடும் உரிமை பரம்பரையாக வந்தது என்றும் நிரூபிக்க வேண்டும். அது கடினம். ஆனால் விற்பனை நிரூபணமானால் அதைப் பேசவே இடமிருக்காது. படகு திரும்பி வராது. சிறைக்கும் போகலாம்," என்றார். "உங்கள் மனைவியின் தங்கை சாட்சி சொல்வாரா?"

மச்சாள் மாட்டேன் என்றார். அவருடைய அகதி விண்ணப்பத்தைக் கவனித்த குடிவரவு முகவர் நீதிமன்றத்தின் பக்கமே தலைவைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அவர் அப்படிச் சொன்னதில் நியாயமும் இருந்தது. வீட்டுக்கு வந்துபோனவர்களும் ஆளுக்கொன்று சொன்னார்கள். அந்த நாட்களில் பூர்வகுடிகள் எல்லாருடைய வீட்டு வளவையும் உரிமை கோரப்போகிறார்கள் என்று வானொலியில் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

"நீங்கள் அந்த ஆக்களுக்குச் சாட்சி சொல்லுங்கோ. நாளைக்கு வந்து உங்கட முருங்கையும் எங்கட எண்டு கேப்பினம்," என்றார் பக்கத்துத் தெருவில் இருக்கும் தமிழ் அங்கிள் ஒருவர்.

"அந்த முருங்கை காய்க்கிறேல்ல. கேட்டாக் குடுத்துவிடலாம்," என்றார் என் மனைவி.

சட்டத்தரணி வீட்டுக்கே வந்து பேச விரும்பினார். ஜூலை மாதத்து ஞாயிறு ஒன்று. அவர் வந்த நேரம் நாங்கள் தெரிந்தவர் வீட்டு முப்பத்தோராம் நாள் வைபவத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தோம். குழந்தை பிறந்த தீட்டை, அதாவது துடக்கைக் கழிக்கும் நாள் என்று விளக்கினேன். தானும் வரலாமா என்று கேட்டார். கூட்டிக்கொண்டு போனோம்.

அங்கே குழந்தை தாயின் மடியில் ஒரு கதிரையில் இருந்தது. வந்தவர்கள் வரிசையாகப் போய்ப் பார்த்து அதன் கையில் நோட்டை வைத்தார்கள். குழந்தை பிடித்ததும் தாய் அதை மெதுவாக உருவிக் கைப்பைக்குள் போட்டார். அடுத்த ஆள் வந்தார். சட்டத்தரணி சுவரோரம் நின்று வெகுநேரம் பார்த்தார். பிறகு தானும் ஒரு பத்து டொலரை எடுத்துக்கொண்டு வரிசையில் சேர்ந்தார்.

"உவவுக்கும் மீன் வித்தாச்சு," என்றார் நண்பர். குசினிக்குள் பெண்கள் சிரித்தது கூடம் வரைக்கும் கேட்டது.

சாப்பாட்டுக்குப் பிறகு சட்டத்தரணி மச்சாளின் பக்கத்தில் இருந்தார். வற்புறுத்தவில்லை. படகில்லாததால் அங்கிள் மரம் அரியும் இடத்தில் கூலிக்குப் போகிறார் என்று சொன்னார். நோட்டைப் பற்றி மச்சாள் கேட்டபோது, அது சான்றுப்பொருளாகப் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது, குற்றம் நிரூபணமானால் அரசுக்குப் போய்விடும் என்றார்.

நான் தமிழில் சொன்னேன். மச்சாள் என்னை உற்றுப் பார்த்தார்.

"பிள்ளையிட காசை அவங்கள் எடுப்பாங்களோ?"

"ஓம்."

"அது பிள்ளைக்குக் குடுத்த காசு, அத்தான். அதை எடுக்க இவங்கள் ஆர்?"

அடுத்த நாள் முகவருக்குத் தொலைபேசி எடுத்து, தான் நீதிமன்றத்துக்குப் போவதாகவும் அதைப் பற்றி இனித் தன்னோடு பேச வேண்டாம் என்றும் சொன்னார். நீண்ட நாளுக்குப் பிறகு அவருடைய குரல் வீடு முழுக்கக் கேட்டது.

வழக்கு இரண்டு தடவை தள்ளிப்போய் 1998 ஓகஸ்டில்தான் விசாரணைக்கு வந்தது. அந்தச் சிற்றூருக்கு அருகிலிருந்த நகரத்தின் நீதிமன்றம். உள்ளே அழைக்கப்படுவதற்கு முன் வெளியே படியில் அங்கிளும் சட்டத்தரணியும் பேசிக்கொண்டிருந்தார்கள். நானும் பக்கத்தில் நின்றேன்.

"ஒருபோதும் மீன் விற்றதில்லை என்று சொல்ல முடியுமா?" என்று கேட்டார் சட்டத்தரணி.

"என் அப்பா விற்றார்," என்றார் அங்கிள். "இந்த ஊர்த் துறையில்தான் விற்றார். அவரிடம் அனுமதிப்பத்திரம் இருந்தது. அவருடைய அப்பா மீனைக் கொடுத்து மாவும் சீனியும் வாங்கினார். பிறகு விதியை மாற்றினார்கள். மீன் இல்லாத மாதங்களில் தோட்டங்களுக்குக் கூலிக்கு அவரைக்காய் பிடுங்கப் போனோம் என்பதால், நாங்கள் முழுநேர மீனவர் இல்லையாம். பத்திரம் போய்விட்டது."

"அதைச் சொன்னால் எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும்."

"தெரியும். அன்றைக்கு விற்கவில்லை. அது உண்மை, சொல்கிறேன். விற்பது எங்கள் வழக்கமே இல்லை என்று சொல்லச் சொல்லாதே, பிள்ளை. அப்பா துறையில் நின்றதை நான் வெட்கப்படுகிற விஷயமாக்க மாட்டேன்."

"அப்படியானால் அன்றைக்கு நடந்ததை மட்டும் சொல்லுங்கள்," என்றார் சட்டத்தரணி.

மச்சாளுக்கு மொழிபெயர்க்க சிட்னியிலிருந்து தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் வந்திருந்தார். சாட்சிக் கூண்டில் மச்சாள் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். ஆனால் பதில்களைத் தயங்காமல் சொன்னார். பிறந்த பிள்ளையை வெறுங்கையோடு பார்ப்பதில்லை என்று அவர் சொன்னதும் மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, எங்கள் ஊரிலும் அப்படித்தான் என்று சேர்த்துக்கொண்டார். மொழிபெயர்ப்பாளர் சாட்சி சொல்ல வேண்டியதில்லை என்றார் நீதவான்.

எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழுந்தார். "குழந்தைக்கு அன்பளிப்பு என்றால் ஏன் இருபது டொலர்? அந்த வாளி மீனின் விலையும் ஏறக்குறைய அதுதான், இல்லையா?"

"கைப்பையில வேற நோட்டு இருக்கேல்ல. அஞ்சு இருந்திருந்தா அஞ்சுதான் வைச்சிருப்பன்," என்றார் மச்சாள்.

பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. குழந்தை அங்கே இருந்திருக்காவிட்டால் மீனுக்குக் காசு கொடுத்திருப்பாரா என்பது அடுத்த கேள்வி.

"ஏன் குடுக்கிறன்? கயிறு இழுத்தனாங்கள். மீன் எங்கட பங்கு."

நண்பரும் நானும் பிறகு சாட்சி சொன்னோம். கரைவலையில் பங்கு பிரிப்பதைப் பற்றி நண்பர் பேசத் தொடங்கி நிறுத்தவில்லை. நீதவான் இரண்டு முறை நன்றி சொல்லி அவரை இறக்க வேண்டியிருந்தது.

அங்கிள் அன்று விற்கவில்லை என்றார். வேறு நாட்களில் விற்பாரா என்ற கேள்விக்கு அவருடைய சட்டத்தரணி எழுந்து ஆட்சேபித்தார். நீதவான் முடிவு சொல்லும் முன்பே அங்கிள் பதில் சொல்லிவிட்டார்: "பத்திரம் தந்தால் நாளைக்கே."

தீர்ப்பு அடுத்த மாதம் வந்தது. விற்றதாகச் சொன்ன குற்றச்சாட்டு தள்ளுபடியானது. வலையைப் பொறுத்தவரை, அந்தக் கரையில் அந்த முறையில் மீன் பிடிக்கும் உரிமை தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்ததற்குப் போதிய சான்று தன் முன் வைக்கப்படவில்லை என்று நீதவான் சொன்னார். குற்றம் உறுதியானது. ஆனால் தண்டனை விதிக்கவில்லை. படகைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். வலை பறிமுதல்.

இருபது டொலர் நோட்டைத் திருப்பி வாங்க மச்சாள்தான் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. குழந்தைக்கு அப்போது ஒன்றரை வயது, நடக்கிறாள். மச்சாள் அவளைத் தூக்கி நோட்டைக் கையில் வைத்தார். அவள் அதை வாய்க்குள் போட்டாள்.

பிறகு மச்சாளுடைய அகதி விண்ணப்பத்துக்குச் சாதகமான முடிவு கிடைத்தது. நேர்காணலில் நீதிமன்றத்துக்குப் போனதைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

1999ஆம் ஆண்டு ஈஸ்டருக்கு அதே ஊருக்குப் போனோம். ஏப்ரல் 3ஆம் திகதி, சனிக்கிழமை. அங்கிள் எங்களைக் கண்டதும், "என் முதலாளி வந்துவிட்டான்," என்று நண்பரைக் கட்டிப்பிடித்தார். படகு மேட்டில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. புது வலை வாங்கினாலும் அதுவும் பறிபோகும், அடுத்த தடவை படகும் போகும் என்று சட்டத்தரணி எச்சரித்திருந்தார். மேல்முறையீட்டுக்கு முதியவர்களிடம் சாட்சியங்கள் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த முதியவர்களில் இருவர் இடைக்காலத்தில் இறந்துபோயிருந்தார்கள்.

மணலில் இருந்து கடலைப் பார்த்தோம். முற்பகலில் அங்கிள் எழுந்து கண்ணுக்கு மேலே கையை வைத்துப் பார்த்தார். எனக்கு வெறும் தண்ணீர்தான் தெரிந்தது. நண்பருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவரும் எழுந்துவிட்டார். நீரின் நிறம் ஓரிடத்தில் கறுத்து, வடக்கு நோக்கி மெல்ல நகர்ந்தது.

பாறை மேட்டில் ஒருவன் நின்றான். இந்தத் தடவை அவன் அங்கிளின் ஆள் இல்லை. அவன் கையில் வயர்லஸ் இருந்தது. அனுமதிப்பத்திரம் உள்ள குழு ஒன்று பக்கத்துக் கரையிலிருந்து வந்திருந்தது. அவர்களுடைய படகு வலையைப் போட்டது. கயிற்றின் இரு நுனிகளையும் ஒவ்வொரு வாகனத்தில் மாட்டினார்கள். வாகனங்கள் மணலில் மேலே ஏற, வலை தானாக வந்தது. நண்பர் இரண்டடி முன்னே வைத்து நின்றுகொண்டார். கயிற்றில் கை வைக்க அங்கே ஆள் தேவைப்படவில்லை.

அங்கிள் எங்களை இருக்கச் சொல்லிவிட்டு அவர்களிடம் போனார். அந்தக் குழுவின் தலைவருக்கு அவரைத் தெரியும் போலிருந்தது. சில வார்த்தைகள் பேசினார்கள். அங்கிள் பின்பையிலிருந்து பணத்தை எடுத்துக் கொடுத்தார். தலைவர் வேண்டாம் என்று தலையசைத்தார். அங்கிள் நீட்டிய கையை மடக்கவில்லை. கடைசியில் அவர் வாங்கிக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்தார்.

வாகனம் நிறுத்தும் இடத்தில் இரண்டு கார்கள் நின்றன. யாரும் இறங்கி வரவில்லை.

அங்கிள் செவுளில் விரலைக் கோத்து நான்கு மடவை கொண்டு வந்து எங்கள் வாளியில் போட்டார். "இவ்வளவு தூரம் காரோட்டி வந்துவிட்டு வெறும் வாளியோடு போகக்கூடாது," என்றார்.

மச்சாள் கைப்பையைத் திறக்கவில்லை. தேங்க்யூ அங்கிள் என்றார். பிறகு கத்தியை எடுத்துக்கொண்டு தண்ணீர்க் கரைக்குப் போய்ச் செதில் சீவ உட்கார்ந்தார். அங்கிள் அவருக்குப் பக்கத்தில் நின்று, வாகனத்தின் பின்பெட்டியில் மீன் ஏறி முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.